விதியா? வீதியா?

நெதர்லாந்து நாட்டைக் கண்டு திரும்பியோர், ஆங்குள்ள ஓவியக்கூடங்களை மறப்பினும் மறப்பர். ஓங்கிச் சுழலும் காற்றாலைகளை மறப்பினும் மறப்பர். மிதிவண்டியை மட்டும் மறந்தாரில்லை! 2010 முதல் 2024 வரை பிரதமர் பொறுப்பிலிருந்த மார்க் ருட்டே, மிதிவண்டி ஏறி அலுவலகம் சென்ற காட்சியை உலகமே கண்டது. காய்கறிப் பையைக் கைப்பிடியிலே தொங்கவிட்டு மூதாட்டி போகிறார். முன்புறம் பெட்டி பொருத்திய வண்டியிலே பிள்ளைகளை அமர்த்தித் தாய் போகிறாள். கழுத்துப்பட்டை காற்றிலே பறக்க வழக்கறிஞர் போகிறார். யூட்ரெக்ட் நகரப் புகைவண்டி நிலையத்தையொட்டி 12,500 மிதிவண்டிகள் நிற்கத்தக்க கூடம் ஒன்று 2019-இல் முழுமை பெற்றது. மக்கள் ஏறத்தாழ 1.8 கோடி, மிதிவண்டிகளோ 2 கோடிக்கு மேல்! நூறு பயணங்களில் 27 பயணம், இரு சக்கரத்தின்மீது, கால் வலிவால் நடைபெறுகிறது.

ஏன்? என்று கேட்டால், விடை ஆயத்தமாக இருக்கிறது. "அது தட்டை நாடு, ஐயா! மேடு இல்லை, மலை இல்லை, மிதிக்கிறார்கள்" என்பர் சிலர். "அவர்கள் இரத்தத்திலேயே ஊறியது" என்பர் வேறு சிலர். விடை கூறிய மகிழ்ச்சியோடு காரின் கதவைச் சாத்திக்கொள்வர்.

தட்டை நாடுதான், மறுப்பார் இலர். ஆனால், கடலிலிருந்து எழும் எதிர்க்காற்று, மலை ஏறுவதற்கு ஒப்பான துன்பம் தருவது என்பதை மிதிப்பவரன்றோ அறிவர்! மழையோ அங்கு வேண்டா விருந்தாளி. தஞ்சைத் தரணி தட்டையாகத்தான் இருக்கிறது. சென்னையிலே, பறங்கிமலையை விட்டால், மூச்சு வாங்கவைக்கும் மேடு ஏது? தட்டை நிலம் மட்டுமே மிதிவண்டியைத் தருமென்றால், சென்னை அன்றோ மிதிவண்டித் தலைநகராகத் திகழ்ந்திருக்க வேண்டும்?

இரத்தத்தில் ஊறிய பண்பு என்ற வாதத்தையோ, அந்நாட்டு வரலாறே வெட்டி வீழ்த்திவிடுகிறது. அதே நிலம், அதே காற்று, அதே மக்கள், மிதிவண்டியைத் தூக்கி எறியத் துணிந்த காலமும் இருந்தது. அந்தக் கதையைத்தான் ஈண்டு எடுத்துரைக்க விழைகிறோம்.

சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் மிதிவண்டி அங்கு உழைப்பாளியின் ஊர்தி. ஆலைச் சங்கு ஊதினால் ஆயிரம் சக்கரம் உருளும். 1924-இல் அரசாங்கம் மிதிவண்டிக்கு வரி விதித்தது. கருவூலத்துக்குக் கொழுத்த வருவாய். பின்னர், நாட்டைக் கைப்பற்றிய செர்மானியப் படை மிதிவண்டிகளையும் பறித்துக்கொண்டது. வண்டியைப் பறிகொடுத்த வடு, போர் முடிந்து பன்னெடுங்காலம் அம்மக்கள் நெஞ்சை விட்டு அகலவில்லை.

போர் ஓய்ந்தது, பொருள் குவிந்தது. 1959-இல் குரோனிங்கன் மாநிலத்திலே மண்ணுக்கடியில் எரிவளி கண்டெடுக்கப்பட்டது. 1950-இல் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவாக இருந்த கார்கள், 1970-இல் இருபது இலட்சத்தைத் தாண்டிவிட்டன. கார் வைத்திருப்பவன் முன்னேறியவன். மிதிப்பவன் பின்தங்கியவன் என்ற எண்ணம் பரவிற்று. மிதிவண்டிப் பாதைகள் சில பெயர்த்தெடுக்கப்பட்டன. சந்தைச் சதுக்கங்கள் கார் நிறுத்துமிடங்களாயின. மிதிவண்டிச் செலவோர் தொகை ஆண்டுதோறும் சரிந்தது.

இன்னொரு விந்தையையும் கூறவேண்டும். அந்நாட்டிலே 'ஆன்வெபே' என்றொரு பெருஞ்சங்கம் உண்டு. 1883-இல் மிதிவண்டிக்காரர்களால், மிதிவண்டிக்காரர்களுக்காக அமைக்கப்பட்ட சங்கம். காலம் செல்லச் செல்ல, அது கார் உடையோரின் காவலனாகவே மாறிவிட்டது. பெயரில் மிதிவண்டி, பேச்சில் மோட்டார்!

நகரத்தையே காருக்கு ஏற்ப வெட்டித் தைக்கும் திட்டங்களும் எழுந்தன. 1954-இல் ஆம்ஸ்டர்டாம் காவல்துறைத் தலைவர் காஸ்யாகர், நகரின் அழகுக்கு அழகு செய்யும் கால்வாய்கள் பலவற்றைத் தூர்த்துச் சாலையாக்கலாம் என்றார். நகரமே கொதித்தது; திட்டம் மடிந்தது. 1967-இல் அமெரிக்கப் பொறியாளர் டேவிட் யோக்கினன் வேறொரு திட்டம் தீட்டினார். கால்வாயைத் தூர்த்து அகன்ற விரைவுச் சாலை. பழைய உழைப்பாளர் குடியிருப்புகளை இடித்து மாடமாளிகை. அதுவும் நிறைவேறவில்லை. அத்திட்டங்கள் வென்றிருக்குமானால், இன்று நம்மவர் சென்று வியக்க ஆம்ஸ்டர்டாமில் என்ன மிஞ்சியிருக்கும்?

எதிர்க்குரல் எழுப்பியோரும் இருந்தனர். 1965-இல் 'புரோவோ' என்னும் இளைஞர் கூட்டம், மிதிவண்டிகளுக்கு வெள்ளை வண்ணம் பூசித் தெருவிலே விட்டது. பூட்டு இல்லை, உடைமையாளர் இல்லை, வேண்டியவர் ஏறிச் செல்லலாம், இறங்கிய இடத்தில் விட்டுச் செல்லலாம். லூட் ஸ்கிம்மெல்பென்னிங் என்பார் வகுத்த திட்டம் அது. காவல்துறை என்ன செய்தது தெரியுமா? பூட்டாத மிதிவண்டி சட்டத்துக்குப் புறம்பானது என்று கூறி, வண்டிகளைக் கைப்பற்றியது! இன்று உலகின் பெருநகரங்கள் பலவற்றிலே வாடகை மிதிவண்டிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு முன்னோடி அந்த வெள்ளை வண்டியே. அன்று ஊர் நகைத்தது, ஓரிரு மாதப் பரபரப்பு, அவ்வளவே.

நகைப்பு நின்றது 1971-இல்.

அவ்வோராண்டில் நெதர்லாந்துச் சாலைகளில் மாண்டோர் 3,000-க்கு மேல். அவர்களில் 400-க்கு மேற்பட்டோர் சிறுவர் சிறுமியர். இறந்த குழந்தைகளுள் ஒருத்தி, விக் லாங்கன்ஹாஃப் என்ற செய்தியாளரின் மகள். பள்ளிக்குப் போகும் வழியிலே மாண்டவள். மறு ஆண்டு, 1972 செப்டம்பரில், 'டெ டெய்ட்' என்ற நாளேட்டில் அவர் ஒரு கட்டுரை தீட்டினார். தலைப்பு என்ன? 'விபத்துகளைக் குறைப்போம்' என்பதன்று. 'கவனமாகச் செல்வீர்' என்பதன்று. 'குழந்தைக் கொலையை நிறுத்து!'

கொலை! அச்சொல்லிலே சற்று நின்று நோக்குவோம். விபத்து என்றால் அதற்கு ஆள் இல்லை. மழை பெய்தது போல, மரம் சாய்ந்தது போல, நேர்ந்தது, போயிற்று. கொலை என்றாலோ, செய்தவர் யார், செய்யவிட்டவர் யார், தடுக்கும் பொறுப்பில் இருந்தும் தடுக்காதவர் யார் என்ற கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படுகின்றன. சாலையை அகலமாக்கியது யார் கட்டளை? பள்ளி வாயிலருகே அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு இடங்கொடுத்தது யார்? மகளை இழந்த தந்தை, கண்ணீரோடு நின்றுவிடவில்லை, கணக்குக் கேட்டார்.

நாம் பணிபுரியும் பள்ளியிலும், ஒன்பதாம் வகுப்பில், ஓர் இருக்கை வெறுமையாயிற்று. நெடுஞ்சாலையைக் கடக்கும்போது, மிதிவண்டியோடு மாண்டான் அந்த மாணவன். துக்கம் கேட்கச் சென்றோம். திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர், "அவன் தலையெழுத்து அவ்வளவுதான், தம்பி" என்றார். தந்தை தலையசைத்தார். பட்டம் பெற்றவர், பாடம் நடத்துபவர், பகுத்தறிவு பற்றி மேடையில் பேசிப் பரிசும் பெற்றவர் - நாமும் தலையசைத்தோம்! அங்கே கடவுப்பாதை இல்லை, வேகத்தடை இல்லை, விளக்கும் இல்லை என்பது நமக்குத் தெரியும். நாள்தோறும் அவ்வழியே செல்பவரன்றோ நாம்? ஆனால், துக்க வீட்டிலே அதைச் சொல்ல நா எழவில்லை. பிறகும் எழவில்லை. அந்த வெட்கத்தோடுதான் லாங்கன்ஹாஃபின் வரலாற்றைப் படித்தோம்.

கட்டுரையின் தலைப்பே இயக்கத்தின் பெயராயிற்று. அதன் முதல் தலைவி, ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த இளந்தாய், மார்ட்யே வான் புட்டன். தம் தெருவிலேயே குழந்தைகள் அடிபட்டு வீழ்ந்ததைக் கண்டவர் அவர். பிற்காலத்தில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். இவ்வியக்கத்தார் கல்லெறியவில்லை, கண்ணாடி உடைக்கவில்லை. விபத்து மலிந்த இடங்களிலே கூட்டமாகச் சென்று அமர்ந்தனர். ஒரு தெருவைக் காருக்கு அடைத்து, நடுத்தெருவில் மேசை போட்டு, அண்டை அயலார் அனைவரும் கூடி உணவருந்தினர். குழந்தைகள் அன்று அச்சமின்றி ஓடியாடினர். பிரதமர் யோப் டென் அய்ல் வீட்டுக்கு மிதிவண்டிகளிலே படையெடுத்து, வாயிலில் நின்று பாட்டுப் பாடினர். உள்ளே நுழைய முடியவில்லையாயினும், பிரதமர் வெளியே வந்து அவர்தம் முறையீட்டைக் கேட்டார்.

பெரியவர்களை முந்திய பிள்ளைகளும் உண்டு. ஆம்ஸ்டர்டாமில் 'டெ பைப்' என்னும் நெரிசல் மிகுந்த உழைப்பாளர் பகுதி. யோக்கினன் இடிக்கக் கருதியவற்றுள் அதுவும் ஒன்று. அப்பகுதிப் பள்ளி மாணவர்கள் 1972-இல், விளையாட இடமில்லை, தெருவெல்லாம் கார் என்று கிளர்ந்தெழுந்தனர். தாமே தடுப்பு வைத்துத் தெருவை அடைத்தனர். காரோட்டி வந்த பெரியவர்கள் சினந்து தடுப்பைத் தள்ளிய காட்சி, தொலைக்காட்சிப் படமாகவே பதிவாகி நிற்கிறது. பத்து வயதுச் சிறுவன் ஒரு பக்கம், பருத்த கனவான் ஒரு பக்கம்! தெரு யாருடையது என்ற வழக்கு, இதைவிடத் தெளிவாக எங்கு நடந்தது?

1973 அக்டோபரில், அரபு நாடுகள் நெதர்லாந்துக்கு எண்ணெய் தர மறுத்தன. நவம்பர் 4 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டலாகாது என்று அரசாங்கம் ஆணையிட்டது. 1974 சனவரித் தொடக்கம் வரை அது நீடித்தது. நெடுஞ்சாலையிலே குதிரை நடந்தது. உருளைக் காலணி பூட்டிய சிறுவர் வழுக்கி விளையாடினர். குடும்பங்கள் மிதிவண்டியில் உலாப் போயின. கார் இல்லாத நகரம் எப்படி இருக்கும் என்பதைச் சொற்பொழிவாகக் கேட்டவர்கள், கண்ணாலேயே கண்டுவிட்டனர்.

எண்ணெய் நெருக்கடிதான் அவர்களை மிதிக்க வைத்தது என்று எழுதுவோர் உண்டு. நமக்கு அது உடன்பாடன்று. அமெரிக்காவுக்கும் அன்று எண்ணெய் மறுக்கப்பட்டது. நெருக்கடி தீர்ந்தவுடன் அந்நாடு பழைய பாதைக்கே திரும்பிற்று. நெதர்லாந்திலோ நெருக்கடி வருமுன்னரே மக்கள் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டனர். எண்ணெய்த் தட்டு, எரிந்துகொண்டிருந்த விளக்கைத் தூண்டிவிட்ட கோல். ஏற்றி வைத்த கை வேறு.

1975-இல் மிதிவண்டிக்காரர்கள் தமக்கெனப் புதுச் சங்கம் கண்டனர். பழைய சங்கம் காரோடு கலந்துவிட்டதன்றோ? ஆகவே, 'உண்மையான' மிதிவண்டியாளர் சங்கம் என்று பெயரிலேயே குத்தலோடு தொடங்கினர். 1976-இல் 'வோனெர்ஃப்' எனப்படும் குடியிருப்புத் தெருவுக்குச் சட்டம் வந்தது. டெல்ஃப்ட் நகரில் முளைத்த கருத்து அது. அத்தகைய தெருவிலே கார் மனிதன் நடக்கும் வேகத்தில்தான் ஊர வேண்டும். தெரு முழுவதும் நடப்பவனுக்கும் விளையாடும் குழந்தைக்கும் உரியது. திருவாளர் கார் அங்கு விருந்தினர், வீட்டுக்காரர் அல்லர்!

தி ஏகு, டில்பர்க் ஆகிய இரு நகரங்களிலும், அதே காலத்தில், நடுவணரசின் செலவிலே மாதிரிப் பாதைகள் போடப்பட்டன. பாதை போட்ட தெருவில் மிதிப்பவர் பெருகினர். ஆனால் நகரம் முழுவதும் பெருகினாரா என்றால், இல்லை. ஒரே ஒரு நல்ல பாதை, இருபுறமும் பாழும் பாதை. வீட்டிலிருந்து பாதைக்கு வருவதற்குள் உயிர் போய்விடும்! டெல்ஃப்ட் நகரம் இதிலிருந்து பாடம் கற்றது. பெரும் பாதை, இடைப் பாதை, சிறு பாதை என்று வலைபோலப் பின்னி, எந்த வாயிலிலிருந்து புறப்பட்டாலும் அறுபடாமல் செல்லும்படி அமைத்தது.

வரலாற்றின் உச்சம் என நாம் கருதுவது குரோனிங்கன் நகர நிகழ்ச்சி. மாக்ஸ் வான் டென் பெர்க் என்ற இளைஞர், இருபத்து நான்காம் வயதிலே அந்நகராட்சியின் ஆட்சிக்குழுவில் பொறுப்பேற்றார். (நம் வயதுக்காரர்! நாமோ தலைமையாசிரியரிடம் விடுப்புக் கேட்கவே தயங்குகிறோம்.) அவரும் தோழர்களும் வகுத்த திட்டம் எளிது, ஆனால் துணிவுடையது. நகரின் நடுப்பகுதியை நான்கு கூறாகப் பிரித்தனர். ஒரு கூற்றிலிருந்து மறு கூற்றுக்குக் கார் நேரே செல்ல முடியாது. வெளியேறி, நகரைச் சுற்றியுள்ள வட்டச் சாலை வழியே சென்று, மீண்டும் நுழைய வேண்டும். மிதிவண்டிக்கும் நடப்பவருக்கும் தடையே இல்லை, குறுக்கே போய்விடலாம்.

வணிகர்கள் வெகுண்டனர். கடை மூடும், நகரம் சாகும், நாம் அழிவோம் என்றனர். 1977 செப்டம்பர் 19-ஆம் நாள், திட்டம் நடைமுறைக்கு வந்தது. வழிகாட்டிப் பலகைகள் மாறின. இருவழித் தெருக்கள் ஒருவழித் தெருக்களாயின. காலையில் காரோடு வந்தவர் திகைத்தார். நாலு எட்டில் இருக்கும் கடைக்கு நகரைச் சுற்றவேண்டிய நிலை! திகைப்பு தீர்ந்ததும் கணக்குப் போட்டார். காரில் நெடுவழி, மிதிவண்டியில் குறுவழி. மிதிவண்டியை எடுத்தார். நகரம் சாகவில்லை. இன்று அந்நகருக்குள் நடைபெறும் பயணங்களிலே பாதிக்கு மேல் மிதிவண்டியில்தான்.

வான் டென் பெர்க் யாரையும் 'மிதிவண்டி ஏறுங்கள், உடலுக்கு நல்லது, காற்றுக்கு நல்லது' என்று இரந்து நிற்கவில்லை என்பதைக் கவனிக்கக் கோருகிறோம். நாமோ அதைத்தான் செய்கிறோம். 'மிதிவண்டியின் நன்மைகள்' என்று மாணவருக்குக் கட்டுரைப் போட்டி வைக்கிறோம். முதற்பரிசு வாங்கிய மாணவன் கல்லூரியில் சேர்ந்ததும், முதல் வேலையாக மோட்டார் சைக்கிள் கேட்டு வீட்டிலே உண்ணாநோன்பு இருக்கிறான்! அவனை நொந்து பயன் என்ன? பள்ளியில் ஆசிரியர்களின் மோட்டார் சைக்கிள்களுக்குத் தகரக் கொட்டகை. மாணவர்களின் மிதிவண்டிகள் வெயிலில். எது உயர்ந்தது என்று நாம் வாயால் சொன்னதை விட்டு, கொட்டகை சொன்னதைக் கற்றுக்கொண்டான். தமிழ்நாட்டு அரசு பள்ளி மாணவருக்கு விலையின்றி மிதிவண்டி வழங்குவது போற்றத்தக்க செயல். எத்தனையோ சிற்றூர்ப் பெண்களைப் பள்ளியோடு பிணைத்துவைத்த சக்கரம் அது. ஆனால், வண்டி தந்தோம், வழி தந்தோமா?

டச்சுக்காரர் சட்டத்திலும் வழி செய்தனர். மோட்டார் வண்டி, மிதிவண்டிக்காரன்மீது மோதினால், இழப்பீட்டுப் பொறுப்பு முதற்கண் மோட்டார் உடையவன் தலையிலே. அடிபட்டது பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால், 'குழந்தைதான் குறுக்கே வந்தது' என்ற சாக்கு எடுபடாது. வலியது மெலியதைக் காக்கவேண்டும் என்பது அங்கு அறவுரையாக நின்றுவிடவில்லை. காப்புறுதிக் கட்டணமாகவும் ஆகிவிட்டது.

1971-இல் 400-க்கு மேல் மாண்ட சிறுவர் தொகை, 2010-இல் 20-க்கும் கீழே இறங்கிற்று. குறையே இல்லை என்று கூறமாட்டோம். 2022-இல் 291 மிதிவண்டியினர் அந்நாட்டுச் சாலைகளில் உயிரிழந்தனர், பெரும்பாலோர் முதியோர். மின்விசை பொருத்திய வண்டிகளின் வேகம் குறித்து அங்கு இப்போது காரசாரமான விவாதம் நடக்கிறது. பார்க்கப்போனால், அதுவும் அவர்களின் பழைய பழக்கமே. சாவைக் கண்டால், தலையெழுத்து என்று எழுந்து போகமாட்டார்கள்; உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார்கள்.

அந்நாட்டில் பதினொன்று, பன்னிரண்டு வயது மாணவருக்குச் சாலைத் தேர்வு ஒன்று உண்டு. ஏட்டுத் தேர்வோடு முடிவதில்லை. உண்மையான தெருக்களிலே, குறித்த வழியில், மிதிவண்டி ஓட்டிக் காட்டவேண்டும். தெருமுனைகளில் பெரியவர்கள் நின்று, கைகாட்டித் திரும்புகிறானா, பின்னால் நோக்குகிறானா என்று மதிப்பெண் இடுகின்றனர்.

சென்ற திங்களில் நம் வகுப்பு மாணவர்க்கு இச்செய்தியைக் கூறி, நம் ஊரில் அத்தேர்வு நடத்துவதாயின் எவ்வழியே நடத்தலாம், பள்ளியிலிருந்து பேருந்து நிலையம் வரை ஒரு வழி வரைந்து தாருங்கள் என்றோம். முப்பத்தெட்டுப் படங்கள் வந்தன. நெடுஞ்சாலை வரை கோடு அழகாக வந்தது, அங்கே நின்றுவிட்டது. ஒரு சிறுமி மட்டும், சாலைக்கு அடியிலே ஓடும் வாய்க்கால் மதகின் வழியாகக் கோட்டை இழுத்திருந்தாள். கோடையில் தண்ணீர் இராது ஐயா, வண்டியைத் தள்ளிக்கொண்டு, குனிந்து போய்விடலாம் என்றாள்.